என்னைப் பாஸ் பண்ண வைத்தவர்கள்

நான் பேசுவது அம்மாவைத் தவிர யாருக்கும் முழுதாகப் புரியாது. பிறக்கும்போது மூளைக்குக் காற்று போவது கொஞ்சம் தாமதமாகிவிட்டதாம். அதில் கைகால் என் சொல்பேச்சு கேட்காமல் போனது, நாக்கும் அவற்றோடு கூட்டுச் சேர்ந்துகொண்டது. மற்றபடி மண்டைக்குள் ஒரு குறையும் இல்லை. இதை ஊரை நம்ப வைக்க நான் பட்ட பாடு நாய் படாது. நான் வாயைத் திறந்ததுமே எதிரில் இருப்பவர் குரலை உயர்த்திக் கத்த ஆரம்பித்துவிடுவார். காது நன்றாகத்தானய்யா கேட்கிறது! இப்போது இதைப் போனில் ஒற்றை விரலால் தட்டுகிறேன். ஒரு வரி முடிப்பதற்குள் பக்கத்தில் வைத்த டீ ஆறிவிடும். பன்னிரண்டாவது படித்தபோது இந்த வித்தையும் எனக்குத் தெரியாது. அம்மாதான் வாய், அம்மாதான் கை.

எனக்குக் கணக்கு வரும். சும்மா வரும் என்று சொல்லவில்லை, நன்றாகவே வரும். குமராட்சிப் பக்கத்து அரசுப் பள்ளியில் எங்கள் கணக்கு மிஸ் போர்டில் எழுதும்போதே அடுத்த வரி எனக்குத் தெரிந்துவிடும். ஆனால் எழுத முடியாதே. வீட்டில் நான் சொல்லச் சொல்ல அம்மா எழுதுவாள். அவள் பத்தாவதோடு நின்றவள். தொகையிடல் குறியைப் பார்த்து முதல் நாள் மிரண்டுபோனாள். அதனால் அதற்குப் பாம்பு என்று பேர் வைத்தோம். தீட்டாவுக்கு வயிற்றில் கோடு போட்ட முட்டை. "பாம்பு போடு, கீழ ஜீரோ, மேல ஒண்ணு, உள்ள எக்ஸ் ஸ்கொயர்" என்று நான் சொல்வேன், அவள் நாக்கைக் கடித்துக்கொண்டு போடுவாள். சமயத்தில் பாம்பு நிஜப் பாம்பு மாதிரியே நெளிந்து கிடக்கும். "ஏன்டி, இந்தப் பாம்ப வெச்சி என்னடி பண்ணப் போற?" என்று கேட்பாள்.

என்ன பண்ணப்போகிறேன் என்பது எனக்குத் தெளிவாகத் தெரியும். சிதம்பரத்தில் ஒரு கல்லூரி. சுற்று வட்டாரத்தில் வகுப்பறை வாசல்வரை சக்கர நாற்காலி போகிற மாதிரி சாய்தளம் இருந்தது அங்கே மட்டும்தான். பி.எஸ்சி. கணிதம். அந்தப் படிப்புக்குப் பன்னிரண்டாவதில் கணக்கில் மட்டும் அறுபது மார்க்குக்குக் குறையக் கூடாது என்று அங்கே ஒரு கட்டுப்பாடு, எந்த இட ஒதுக்கீட்டில் வந்தாலும் சரி. அறுபதா? பள்ளியில் வைத்த எந்தத் தேர்விலும் நான் எண்பதுக்குக் கீழே இறங்கியதில்லை. எங்கள் மிஸ்ஸுக்கு என் பேச்சு பாதி புரியும், மீதியை அம்மா வந்து சொல்வாள். அறுபது எனக்கு ஒரு பொருட்டாகவே தெரியவில்லை.

பொதுத்தேர்வுக்குச் சலுகை உண்டு என்று மிஸ்தான் சொன்னார். நான் சொல்வதை எழுத அரசாங்கமே ஓர் ஆசிரியரைப் போடும், ஒரு மணி நேரம் கூடுதலாகவும் கொடுக்கும். அதற்கு டாக்டர் சர்டிபிகேட் வேண்டும். கடலூருக்குப் போனோம். அப்பா செம்மங்குப்பத்தில் ஒரு கெமிக்கல் கம்பெனியில் கான்ட்ராக்ட் ஆள், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டுக்கு வருவார். அன்றைக்கு ஷிப்ட் மாற்றிக்கொண்டு பஸ் ஸ்டாண்டில் வந்து நின்றார். டாக்டர் என்னைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், என்னிடம் உரக்கக் கேட்டார்:

"ஒண்ணும் ஒண்ணும் எவ்வளவும்மா?"

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "டாக்டருக்குத் தெரியாதான்னு கேளு" என்றேன் அம்மாவிடம்.

அம்மா ஒரு வார்த்தை மாற்றவில்லை. "உங்களுக்குத் தெரியாதான்னு கேக்கச் சொல்றா டாக்டர்" என்றாள். அப்பா அந்தப் பக்கம் திரும்பிச் சிரிப்பை அடக்கினார். டாக்டரும் சிரித்துவிட்டு எழுதிக் கொடுத்தார். அம்மா அப்படித்தான். மினிபஸ்ஸில் என் நாற்காலியை ஏற்ற மாட்டேன் என்ற கண்டக்டரைக் காட்டுமன்னார்கோயில் ரோடே திரும்பிப் பார்க்கிற மாதிரி திட்டியவள். நான் என்ன சொன்னாலும், அது எவ்வளவு வாய்த்துடுக்காக இருந்தாலும், அப்படியே எடுத்துச் சொல்வாள். உலகத்தில் நான் நம்பியிருந்த ஒரே விஷயம் அது.

எங்கள் பள்ளிக்குத் தேர்வு மையம் சிதம்பரத்தில் ஒரு பெரிய பள்ளிக்கூடம். எனக்காக எழுதப் போட்டிருந்தவர் வேறு ஊர்ப் பள்ளியிலிருந்து வந்த ஒரு மிஸ். தமிழ்ப் பரீட்சைக்கு முந்தின நாளே வீடு தேடி வந்துவிட்டார். என் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, "நீ பேசு, எனக்குப் புரியுற வரைக்கும் நான் எழுந்திருக்க மாட்டேன்" என்றார். பொழுது சாய்கிறவரைக்கும் பேசினேன். ஹாலில் நான் ஒரு வரி சொன்னால் அதைத் திரும்பப் படித்துக் காட்டுவார், நான் தலையாட்டிய பிறகுதான் பேனாவைத் தாளில் வைப்பார். தமிழ், இங்கிலீஷ், பிசிக்ஸ், கெமிஸ்ட்ரி எல்லாம் அப்படியே போனது. எனக்கு வாயெல்லாம் வலித்தது. ஆனால் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் அதற்கு முன்னால் அனுபவித்ததில்லை.

கணக்குக்கு அவர் வர முடியாது. ஏன் என்றால் அவர் கணக்கு மிஸ். எந்தப் பாடத்தைச் சொல்லிக் கொடுக்கிறார்களோ அந்தப் பாடத்துக்கு எழுதப் போகக் கூடாது என்று விதி. விதி நியாயமானதுதான், நானே அதை வகுத்திருந்தாலும் அப்படித்தான் வகுத்திருப்பேன். "புதுசா வர்ற சார்கிட்ட எல்லாத்தையும் சொல்லியிருக்கேன்டா, பயப்படாத" என்று சொல்லிவிட்டுப் போனார்.

வந்தவர் வரலாறு சார். நெற்றி நிறைய விபூதி, மெல்லிய குரல், நடுவயசு. கேட்டில் அம்மாவிடம் ஏதோ பேசிவிட்டு என் நாற்காலியைத் தானே தள்ளிக்கொண்டு வந்தார். "சாப்டியா பாப்பா?" என்றார். இன்றைக்கும் அவரை மோசமான மனுஷன் என்று சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அதுதான் வயிற்றெரிச்சல்.

தனி அறை. லேபுக்குப் பக்கத்தில், உடைந்த பெஞ்சுகளை ஒதுக்கிவிட்டு எங்களுக்கு ஒரு மேசை. வாசலில் காவலுக்கு ஒரு டீச்சர் போவதும் வருவதுமாக இருந்தார். ஒரு மார்க் கேள்விகளை முதலில் எடுத்தோம். இந்தக் கேள்விகளை ஏ வகை, பி வகை என்று வரிசையை மாற்றி இரண்டு விதமாக அச்சிட்டுக் கொடுப்பார்கள், பக்கத்தில் எட்டிப்பார்த்து எழுதக் கூடாது என்பதற்காக. எனக்கு வந்தது பி. சார் கேள்வியைப் படித்தார். படிப்பதிலேயே திணறினார், பாவம். குறிகள் எதுவும் அவருக்குப் பழக்கமில்லை. நான் விடை எண்ணைச் சொன்னேன். புரியவில்லை. மறுபடி சொன்னேன். "ஒண்ணா பாப்பா? ரெண்டா?" மூன்றாவது விடையைச் சொல்லும்போது தலையாட்டினேன். இப்படியே ஒருவழியாக ஒரு மார்க் எல்லாம் முடிந்தது. ஒவ்வொன்றும் சரி என்று எனக்குத் தெரியும்.

அடுத்து கணக்குகள். பாம்பு என்றால் இவருக்கு எப்படித் தெரியும்? முன்னால் எனக்கு எழுதிய மிஸ் சொல்லி அனுப்பியதெல்லாம் பதற்றத்தில் காற்றோடு போயிருக்க வேண்டும். நான் வாய்விட்டுச் சொல்வேன், அவர் என் முகத்தையே பார்ப்பார். என் கழுத்து இழுத்துக்கொள்ளும், எச்சில் வழியும், அவர் தன் கர்ச்சீப்பை எடுத்துத் துடைப்பார். மேலே இருக்கும் எண்ணைக் கீழே போட்டார். நான் இல்லை இல்லை என்று தலையை ஆட்டினேன். எழுதியதை அடித்தார், மறுபடி எழுதினார். ஐந்து மார்க் கணக்கில் இரண்டு பாதி தாண்டவில்லை. அவருக்கு வேர்த்து ஊற்றியது. என்னைப் பார்த்த பார்வையில் அவருக்கே அழுகை வந்துவிடும் போலிருந்தது.

"கஷ்டப்படாத பாப்பா. நான் பாத்துக்குறேன்" என்று எழுந்து வெளியே போனார்.

திரும்பி வந்தபோது அவர் உள்ளங்கையில் நீல மையில் வரிசையாக எண்கள். எங்கேயோ யாரிடமோ ஒரு மார்க் விடைகளைக் கேட்டு எழுதிக்கொண்டு வந்திருக்கிறார். நாங்கள் ஏற்கெனவே எழுதி முடித்த பக்கத்தைத் திருப்பினார். உள்ளங்கையைப் பார்த்தார், தாளைப் பார்த்தார். முதல் விடையை அடித்து வேறொன்றை எழுதினார். இரண்டாவதை அடித்தார். மூன்றாவதை அடித்தார், அப்படியே பாதிப் பக்கம் தாண்டினார். அது ஏ வகையின் விடை வரிசை. அட கடவுளே! என்னுடையது பி என்பதையே மனுஷன் பார்க்கவில்லை.

கத்தினேன். "அது வேற பேப்பர் சார்! அடிக்காதீங்க! நான் போட்டதுதான் சரி!" தொண்டை கிழியக் கத்தினேன். எனக்குக் கோபம் வந்தால் உடம்பு முழுக்க விறைத்துக்கொள்ளும், கை பின்பக்கமாக முறுக்கிக்கொள்ளும், நாற்காலியே ஆடும். அதைப் பார்த்து அவர் பயந்துபோனார். வாசலில் இருந்த டீச்சர் ஓடிவந்தார். "பிட்ஸு சார், பிட்ஸு! சாவி எடுங்க!" என்று, வலிப்பு வந்தவளுக்குச் செய்வதுபோல என் கையில் ஏதோ இரும்பைத் திணித்தார். தண்ணீர் தெளித்தார்கள். நான் கத்தக் கத்த இன்னும் தண்ணீர் தெளித்தார்கள்.

அதற்குள் மற்ற பிள்ளைகளின் நேரம் முடிந்து மணி அடித்துவிட்டது. என் கூடுதல் ஒரு மணி நேரம் அப்போதுதான் ஆரம்பம். விடைத்தாள் கட்டுகளை எடுத்துப்போகிற வண்டி வந்து நின்றிருந்தது, கூடவே துப்பாக்கிப் போலீஸும். மையத்துக்குப் பொறுப்பான அதிகாரி ஒருவர் உள்ளே எட்டிப் பார்த்தார்.

"என்ன சார் இது?"

"பாப்பாவுக்கு உடம்பு முடியல சார். பயந்துட்டுது."

"இன்னும் எவ்ளோ இருக்கு? இந்த ஒரு பொண்ணுக்காகத்தான் வண்டி நிக்குது."

"டைம் இருக்கு சார். ஒரு மணி நேரம் ஜாஸ்தி குடுத்துருக்காங்க."

"எழுதுற நெலமையிலயா இருக்கு அது? பாருங்க. உசுருக்கு ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது? முடிச்சுக்குங்க."

சாமி வரம் கொடுத்தாலும் பூசாரி விடமாட்டான் என்பார்கள். இங்கே பூசாரி விடாமல் போனது என் உயிர்மேல் உள்ள அக்கறையில்! சார் பெருமூச்சு விட்டார். கையெழுத்துக்குப் பதிலாக என் கட்டைவிரலைப் பிரித்து மையில் அழுத்தித் தாளில் வைத்தார்கள். நான் விரலை மடக்கிக்கொண்டேன். அந்த டீச்சர் பூப்போல அதைப் பிரித்தெடுத்து, "அவ்ளோதாண்டா கண்ணு, முடிஞ்சுபோச்சு" என்றார்.

வெளியே வந்ததும் அம்மாவிடம் கொட்டினேன். விடையை அடித்தது, வேறு வகை பேப்பர், கூடுதல் நேரம் போனது, எல்லாம். "உள்ள போய் சொல்லு, இப்பவே சொல்லு, வண்டி இன்னும் போகல" என்றேன். கண்டக்டரைக் கிழித்தவள் அசையவில்லை.

"அவுங்க எல்லாம் பெரிய ஆளுங்கடி. எதாச்சும் பேசப்போயி உன் ரிசல்ட்ட நிறுத்தி வெச்சிட்டாங்கன்னா? பாஸ் ஆயிடுவ இல்ல, விடு."

"பாஸ் யாருக்கு வேணும்? அறுபது வேணும்!"

"விடுடின்னா" என்று நாற்காலியை ஆட்டோ பக்கம் தள்ளினாள்.

ரிசல்ட் வந்தது. கணக்கில் முப்பத்தெட்டு. மற்ற பாடமெல்லாம் எண்பதுக்கு மேல். ஊரே வீட்டுக்கு வந்துவிட்டது. "இந்தப் பொண்ணு பாஸாயிடுச்சே, நம்ம வீட்டுத் தடியனுக்கு என்ன கேடு" என்று பக்கத்து வீட்டு மாமா தன் மகனை என் முன்னாலேயே மண்டையில் தட்டினார். பள்ளிக்கூட வாசலில் பிளெக்ஸ் வைத்தார்கள், தன்னம்பிக்கை நட்சத்திரம் என்று. படத்தில் என் வாயோரம் வழிந்த எச்சிலைக் கம்ப்யூட்டரில் துடைத்திருந்தார்கள். எங்கள் கணக்கு மிஸ் மட்டும் பிளெக்ஸைப் பார்க்காமல் உள்ளே போனார். அப்புறம் ஒரு நாள் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, அம்மா எழுதிய கணக்கு நோட்டைக் கடைசிவரை புரட்டிவிட்டுப் போனார்.

கல்லூரியில் மரியாதையாகத்தான் பேசினார்கள். முப்பத்தெட்டுக்குக் கணிதம் கிடையாது, வேண்டுமானால் பி.ஏ.வில் எதையாவது எடுத்துக்கொள்ளலாம் என்றார்கள். எதையாவது! மறுகூட்டல் போட்டாலும் பயனில்லை, தாளில் இருப்பதற்குத்தானே மார்க். அடித்ததற்கு மார்க் போடமாட்டார்களே. சரி, கணக்கை மட்டும் மறுபடி எழுதிவிடலாம் என்று அப்பாவைக் கடலூரில் கல்வி அலுவலகத்துக்கு அனுப்பினேன். அங்கே இருந்தவர் விளக்கமாகவே சொல்லியிருக்கிறார்.

"பெயிலானவங்களுக்குத்தான் சார் துணைத் தேர்வு. உங்க பொண்ணு பாஸ். பாஸானவங்க மறுபடி எழுத முடியாது. சந்தோஷப்படுங்க சார்."

அப்பா வந்து இதைச் சொன்னபோது எனக்கு முதலில் சிரிப்புத்தான் வந்தது. முப்பத்தைந்தைத் தொட விடாமல் இருந்திருந்தால் போதும். ஜூன் மாதமே வேறு யாரையாவது வைத்து எழுதி எண்பது, தொண்ணூறு வாங்கியிருப்பேன். மூன்று மார்க் கூடக் கொடுத்து என்னைக் கரையேற்றி, கரையிலேயே கட்டிப்போட்டுவிட்டார்கள். பாழாய்ப்போன மூன்று மார்க்! அன்றைக்குச் சிரிக்க ஆரம்பித்தது எப்போது அழுகையாக மாறியது என்று தெரியவில்லை. அப்பா எனக்குத் தலையணையைச் சரிபண்ணி வைத்துவிட்டு ஷிப்டுக்குக் கிளம்பினார்.

ஒரு மாதம் போயிருக்கும். ஒரு மத்தியானம் வாசலில் ஸ்கூட்டர் வந்து நின்றது. வரலாறு சார். கையில் ஜாங்கிரிப் பொட்டலம். அம்மா பதறிப்போய் நாற்காலியைத் துடைத்துப் போட்டாள்.

"பாப்பா பாஸுன்னு கேள்விப்பட்டேன். லால்பேட்டையில ஒரு கல்யாணம், அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார். என் பக்கம் திரும்பினார். "அன்னிக்கு கேட்டாண்ட உங்கம்மா கையெடுத்துக் கும்புட்டாங்க பாப்பா. 'எப்படியாச்சும் பாஸ் பண்ண வெச்சிடுங்க சார், பாஸானா போதும், வேற ஒண்ணும் வேணாம்'னாங்க. எனக்கு வேற வழி தெரியல. இத்தன வருஷ சர்வீஸ்ல பண்ணாத காரியத்தப் பண்ணேன். போய் ஆன்சர் வாங்கியாந்தேன். மாட்டியிருந்தா வேலையே போயிருக்கும். ஆனா வீண் போகல பாரு."

நான் அம்மாவைப் பார்த்தேன். அவள் டம்ளரில் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். டம்ளர் நிறைந்து வழிவதுகூட அவளுக்குத் தெரியவில்லை.

பாம்பு போட்டவள். ராத்திரியும் பகலுமாக என் கணக்கை எழுதியவள். அறுபது அறுபது என்று நான் சொன்னது அத்தனையும் காதில் வாங்கியவள். அவளே போய்ப் பாஸ் போதும் என்று கும்பிட்டிருக்கிறாள்.

எனக்குக் கத்தத் தோன்றவில்லை. கத்தினால் உடம்பு விறைக்கும், பேச்சு குழறும். எனவே மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாக, அவளுக்கு ஓர் எழுத்துகூடத் தவறாத மாதிரி சொன்னேன்.

"நான் போட்டது எல்லாமே சரி. நீங்க அடிச்சதுதான் தப்பு. பெயிலாகியிருந்தாக்கூட நான் மறுபடி எழுதியிருப்பேன். என் படிப்பே போச்சு சார். இத அவருகிட்ட சொல்லும்மா. ஒரு வார்த்த விடாம சொல்லு."

சார் ஆவலாக முன்னால் குனிந்தார். "என்னம்மா சொல்லுது பாப்பா?"

அம்மா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். என்னைப் பார்க்கவில்லை.

"தேங்க்ஸ் சொல்றா சார். உங்கள ஆயுசுக்கும் மறக்க மாட்டேங்குறா."

சாருக்குக் கண் கலங்கிவிட்டது. எழுந்துவந்து என் தலையில் கையை வைத்தார். அப்போதுதான் கத்தினேன். வாசலில் படுத்திருந்த நாய் எழுந்து ஓடுகிற மாதிரி கத்தினேன்.

"பாருங்கம்மா, சந்தோஷத்துல எப்படிக் கத்துது!"

"ஆமாம் சார்" என்றாள் அம்மா.

அவர் போன பிறகு அவள் என் காலடியில் உட்கார்ந்து ரொம்ப நேரம் என்னென்னவோ சொன்னாள். பெரிய மனுஷன் மனசு நோகக் கூடாது என்றாள். நீ பெயிலாகி இந்த ஊர் சிரித்தால் நான் உயிரோடு இருக்க மாட்டேன், அதனால்தான் கும்பிட்டேன் என்றாள். பாஸ் என்று ஒரு காகிதம் இருந்தால் நான் செத்த பிறகாவது யாராவது உன்னை மனுஷியாக மதிப்பார்கள் என்றாள். எல்லாம் நிஜம்தான்.

அதற்கப்புறம் தண்ணீர், சோறு, பாத்ரூம் இதைத் தவிர அவளிடம் நான் வாய் திறப்பதில்லை. அவளிடம் பேசாவிட்டால் வேறு யாரிடமும் பேச முடியாது என்று எனக்குத் தெரியும். தெரிந்துதான் நிறுத்தினேன். போனைத் தட்டப் பழகியது அதற்குப் பிறகுதான். வீட்டுக்கு வருகிறவர்கள் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு அவளிடம் கேட்கிறார்கள்.

"முன்ன ஏதோ பேசுமே. இப்ப பேச்சே நின்னுபோச்சா?"

"ஆமாம், நின்னுபோச்சு" என்கிறாள் அம்மா.